உறக்கத்தைக் கடன் வாங்கியவர்

இயற்கை நமக்கு விலையின்றி அளித்திருக்கும் இன்பங்களுள் உறக்கம் தலையாயது. ஏழையின் திண்ணைக்கும் அது வருகிறது. செல்வனின் மாளிகைக்கும் வருகிறது. சில நாட்களில் மாளிகையை விட்டுவிட்டுத் திண்ணைக்கு மட்டும் வருவதும் உண்டு. தானாக வரவேண்டிய அந்த இன்பத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று மனிதன் எண்ணியது இன்று நேற்றன்று. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்து பழுப்பு நிறமடைந்தால் அபினி. கிரேக்கர் தம் உறக்கத் தெய்வத்தின் கையிலே இச்செடியைக் கொடுத்து வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ட்டுர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளர் அபினியின் சாரத்தைப் பிரித்தெடுத்தபோது, கனவுத் தெய்வமாகிய மார்பியஸின் பெயரை அதற்குச் சூட்டினார். அதுவே மார்பின்.

அபினி உறக்கம் தரும் என்பது உலகத்தின் பழைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்து, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் விளைவை அனுபவித்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஆங்கில உரைநடை வல்லுநர் தாமஸ் டி குவின்ஸி. நம்மில் ஆங்கில இலக்கியம் பயில்வோர் அவரை மாக்பெத் நாடகக் கட்டுரையின் வாயிலாக அறிந்திருப்பர். கொலை நடந்த இரவிலே கோட்டைக் கதவு தட்டப்படும் ஓசை ஏன் நம் நெஞ்சை உலுக்குகிறது என்று 1823-ல் அவர் ஆராய்ந்தார். மயங்கிக் கிடந்த உலகம் அவ்வோசையால் விழித்துக் கொள்கிறது என்பது அவர் கண்ட விடை. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையேயுள்ள வாசற்படியை அவரைப் போல் அறிந்தவர் வேறு யார்? வாழ்நாளெல்லாம் அந்த வாசற்படியிலேயே நின்றவர் அன்றோ அவர்!

மூடிய அறை

டி குவின்ஸி 1785-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மான்செஸ்டரில் பிறந்தார். தந்தை துணி வணிகர். வணிகத்தின் பொருட்டு வெளியூர்களிலேயே பெரும்பாலும் வாழ்ந்த அவர், எலும்புருக்கி நோயால் 1793-ல் மறைந்தார். சிறுவன் தாமஸின் உலகம் அவனுடைய அக்காள் எலிசபெத்தே. அவளும் 1792-ல் ஒன்பதாம் வயதில் இறந்துவிட்டாள்.

மறுநாள் நண்பகலில், வீட்டார் அறியாமல், பின்படி வழியாக ஏறி அவள் கிடந்த அறைக்குள் நுழைந்தான் ஆறு வயதுச் சிறுவன். சன்னல் திறந்திருந்தது. வெளியே கோடை வெயில் ஒளி வெள்ளமாய்ப் பொழிந்தது. உள்ளே அசைவற்ற முகம். எங்கிருந்தோ ஒரு காற்று வீசுவது போல் கேட்டது. தன்னை மறந்த மயக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றானோ, அவனுக்கே தெரியாது. படியில் காலடி ஓசை கேட்டதும் அக்காளை முத்தமிட்டு நழுவி வந்துவிட்டான். அபினி என்ற சொல்லையே அறியாத வயது அது. ஆயினும் விழித்துக்கொண்டே கனவு காணும் இயல்பு அன்றே அவனிடம் வேரூன்றிவிட்டது. இருளில் படுத்தபடி கண்முன் உருவங்களை வரவழைத்துப் பார்க்கும் பழக்கமும் அவனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே இருந்தது. பின்னாளில் அபினி செய்ததெல்லாம் இந்த விதைக்கு நீர் வார்த்ததுதான்.

கோழித் தூக்கம்

கிரேக்க மொழியில் தாமஸ் பெரும்புலமை பெற்றான். ஆனால் மான்செஸ்டர் பள்ளி அவனுக்குப் பிடிக்கவில்லை. 1802 ஜூலையில், பதினேழு வயது நிறையுமுன், பள்ளியை விட்டு ஓடினான். வாரம் ஒரு கினி பணத்தில் வேல்ஸ் மலைகளில் அலைந்தான். பின்னர் வீட்டாரோடு தொடர்பையே அறுத்துக்கொண்டு, வரவிருக்கும் தந்தை சொத்தின் பேரில் கடன் வாங்கலாம் என்று இலண்டன் சேர்ந்தான். வட்டிக் கடைக்காரர்கள் நாட்களைக் கடத்தினார்கள். கையிலிருந்த காசு கரைந்தது. பனிக்காலம் வந்தது.

ஸோஹோ பகுதியில், வழக்கறிஞர் ஒருவரின் வெற்று வீட்டில் இரவு தங்க இடம் கிடைத்தது. அங்கே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பசியோடும் பேய்ப் பயத்தோடும் தனியே கிடந்தாள். வழக்குக் காகிதக் கட்டே தலையணை. பழைய மேலங்கியே போர்வை. அவள் அவனை ஒட்டிக்கொண்டு உறங்கிவிடுவாள். அவனுக்கோ உறக்கம் இல்லை. வெறும் கோழித் தூக்கம். கண்ணயரும்போதெல்லாம் வயிற்றில் ஒரு சுண்டல் எழும். கால்களை உதறிக்கொண்டு விழிப்பான். சில நேரம் தன் முனகல் ஒலியே தன்னை எழுப்பிவிடும். பகலில் சோர்வினால் எங்கே உட்கார்ந்தாலும் கண்கள் மூடும். மூடிய உடனே திறக்கும். பின்னாளில் அபினியின் பக்கம் அவனைத் தள்ளிய வயிற்று நோய் இந்தப் பட்டினி நாட்களில் தொடங்கியது என்றே அவர் பிற்காலத்தில் நம்பினார்.

அந்நாட்களில் தெருவிலே உடலை விற்றுப் பிழைத்த ஆன் என்னும் பதினைந்து வயதுப் பெண் அவனுக்குத் துணையானாள். ஓர் இரவு ஸோஹோ சதுக்கத்தில் அவன் பசியால் மயங்கி விழுந்தபோது, தன்னிடமிருந்த சில்லறையைக் கொண்டு மசாலையிட்ட திராட்சை மது வாங்கி வந்து உயிர்ப்பித்தாள். பண உதவி தேடி அவன் சில நாள் வெளியூர் சென்று திரும்பியபோது, குறித்த இடத்தில் அவளைக் காணவில்லை. அவளுடைய குடும்பப் பெயரைக்கூட அவன் கேட்டு வைத்திருக்கவில்லை. எவ்வளவோ தேடியும் அவள் அகப்படவில்லை. அதன்பின் அவளைக் கனவிலே மட்டுமே அவர் கண்டார்.

மழைநாள் ஞாயிறு

1803-ல் வீட்டாரோடு சமாதானம் ஏற்பட்டது. ஆக்ஸ்போர்டின் வூஸ்டர் கல்லூரியில் டி குவின்ஸி சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1804 இலையுதிர் காலத்தில் இலண்டனில் தங்கியிருந்தபோது பல்வலி வந்தது. நாள்தோறும் குளிர்நீரில் தலை கழுவும் வழக்கத்தை நிறுத்தியதுதான் காரணம் என்று எண்ணினார். எழுந்து தலையைக் குளிர்நீரில் முக்கி, ஈரத் தலையோடு உறங்கினார். மறுநாள் முகமெங்கும் தலையெங்கும் கொடிய வலி. ஏறத்தாழ இருபது நாள் அது நீங்கவில்லை. மழை தூறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவிலே சந்தித்த கல்லூரி நண்பர் ஒருவர் அபினியைப் பரிந்துரைத்தார். ஆக்ஸ்போர்டு தெருவிலிருந்த மருந்துக் கடையில் லாடனம் வாங்கினார். அபினியைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த கரைசலே லாடனம்.

அக்காலத்து இங்கிலாந்தில் அபினி வாங்க மருத்துவர் சீட்டு வேண்டியதில்லை. அதன் விற்பனைக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்ததே 1868-ல்தான். குழந்தை அழுதாலும் அபினி, இருமினாலும் அபினி. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர் சாராயத்தைவிட அபினி மலிவாக இருந்ததால் சனிக்கிழமைதோறும் அதை வாங்கினர் என்று டி குவின்ஸியே எழுதியுள்ளார்.

முதல் துளிகள் வலியைப் போக்கின. அத்துடன் நில்லாமல் மனத்திலே ஓர் ஒளியையும் ஏற்றின. அதன்பின் எட்டாண்டுகள் அளவோடு, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அபினி உண்டார். உறங்குவதற்காக அவர் அதை உண்ணவில்லை என்பதை நாம் கருத வேண்டும். அபினி சோம்பலைத் தருவது என்ற பொதுக் கருத்தை மறுத்து, அது அறிவைத் தெளியச் செய்கிறது என்றே வாதாடினார். அபினி உண்ட இரவில் இசை நாடக அரங்குக்குச் சென்று கிராசினி அம்மையாரின் பாடலைக் கேட்பார். சனிக்கிழமை இரவுகளில் ஏழை மக்கள் கூடும் சந்தைகளில் மணிக்கணக்காகத் திரிவார். ஒரு கோடையில், கடலும் லிவர்ப்பூல் நகரும் தெரியும் சன்னலருகே மாலை முதல் விடியும்வரை அசையாமல் அமர்ந்திருந்த இரவுகளும் உண்டு. அவர் உறங்கவில்லை, முழுதும் விழித்திருக்கவும் இல்லை. அந்த இடைநிலையே அவருக்குப் பேரின்பமாயிற்று. வாசற்படி அழகாய் இருந்தது, அங்கேயே அமர்ந்துவிட்டார்.

நாள்தோறும்

1808-ல் ஆக்ஸ்போர்டு இறுதித் தேர்வில் எழுத்துப் பகுதியைச் சிறப்பாக முடித்தார். வாய்மொழித் தேர்வுக்கு நிற்காமல் ஊரைவிட்டு ஓடினார். பட்டம் பெறவில்லை. மறு ஆண்டு, தாம் தெய்வமாய்ப் போற்றிய கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் முன்பு வாழ்ந்த கிராஸ்மியர் குடிலில் குடியேறினார். கோல்ரிட்ஜும் அவருக்கு நண்பர். அவருடைய வறுமையைக் கண்டு, கொடுத்தவர் பெயர் தெரியாதபடி 300 பவுன் கொடுத்த வள்ளல் நம் டி குவின்ஸி. கோல்ரிட்ஜும் அபினிக்கு அடிமை. உறக்கத்தின் வேதனையைப் பொருளாக வைத்தே 1803-ல் அவர் ஒரு கவிதை எழுதினார். முன்னே சென்றவரின் காலில் குத்திய முள் கண்ணெதிரே தெரிந்தும், பின்னே சென்றவர் வழியை மாற்றவில்லை.

1812-ல் வேர்ட்ஸ்வொர்த்தின் மூன்று வயது மகள் கேதரின் இறந்தாள். டி குவின்ஸி அக்குழந்தையிடம் உயிரையே வைத்திருந்தார். இரவுதோறும் அவளுடைய கல்லறை மேல் போய்ப் படுத்துக் கிடந்தார். அடுத்த ஆண்டு பழைய வயிற்று நோய் திரும்பியது. அன்று முதல் அபினி அன்றாட உணவாயிற்று. அளவு ஏறி ஏறி நாளொன்றுக்கு 320 கிரெயின், அதாவது 8,000 துளி லாடனம் என்ற நிலையை எட்டியது. நம் பழைய நிறுவையில் அது ஒன்றே முக்கால் தோலாவுக்குக் குறையாது. பழகாத ஒருவர் அதில் சிறு பங்கை உண்டாலும் உயிர் பிழைப்பது அரிது.

இடையே ஓர் ஒளிக்கீற்றும் வந்தது. 1816-ல் அளவை 40 கிரெயினாகக் குறைத்தார். உழவர் மகளாகிய மார்கரெட் சிம்ப்சனை 1817-ல் மணந்தார். ஆனால் அபினி மீண்டும் தலைதூக்கியது. இம்முறை அது வேறு முகத்தோடு வந்தது.

உறங்க அஞ்சியவர்

குழந்தைப் பருவத்தில் இருளில் உருவங்களை வரவழைத்த ஆற்றல் திரும்பியது. ஆனால் இப்போது அவர் ஏவலுக்கு அது அடங்கவில்லை. விழித்திருக்கும்போது எதை நினைத்தாலும் அது இரவிலே கனவாகி வந்து பற்றிக் கொண்டது. ஆகவே நினைக்கவே அஞ்சினார். கனவிலே ஆழங்காணாத பள்ளங்களில் இறங்கிக்கொண்டே இருந்தார். விழித்த பின்னும் மேலே ஏறி வந்ததாகத் தோன்றவில்லை. கட்டடங்கள் கண் காணும் எல்லையைக் கடந்து விரிந்தன. காலமும் வீங்கியது. ஒரே இரவில் எழுபது ஆண்டு, நூறு ஆண்டு வாழ்ந்து முடித்தது போன்ற களைப்பு. மறந்தே போன சிறுவயது நிகழ்ச்சிகள் எழுந்து நின்றன. கடல் நீரெல்லாம் மனித முகங்களாய் மாறின.

இவற்றுள் மிகக் கொடியவை அவருக்கு ஆசியக் கனவுகளே. ஒருநாள் அவர் வீட்டு வாசலுக்கு வந்து போன மலாய் நாட்டவர் ஒருவர் கனவுக்குள் புகுந்தார். அவரைத் தொடர்ந்து சீனமும் எகிப்தும் இந்தியாவும், நம் கோயில்களும் தெய்வங்களும், முதலைகளும் வந்தன. டி குவின்ஸி ஆசியாவில் கால் வைத்தவர் அல்லர். வங்காளத்தில் கும்பெனிப் படையில் பணியாற்றிய தாய்மாமன் ஒருவர் அவருக்கு உண்டு. மற்றவையெல்லாம் புத்தக அறிவு. நமக்கு வழிபடும் வடிவாக நிற்பது அவருக்கு அச்சுறுத்தும் வடிவாக நின்றது. அக்காலத்து ஆங்கிலேயரின் அறியாமையும் இகழ்ச்சியும் அவர் நெஞ்சில் படிந்திருந்தன. அபினி அவற்றைப் பெருக்கிக் காட்டியது. நெஞ்சில் இல்லாத ஒன்றை அபினி படைத்துத் தருவதில்லை.

பல நாட்கள் நண்பகலில்தான் விழிப்பு வரும். கட்டிலருகே குழந்தைகள் கைகோத்து நிற்பார்கள். புதுக் காலணியையும் புத்தாடையையும் தந்தைக்குக் காட்டவேண்டும் என்று காத்திருப்பார்கள். முதலைகளின் உலகத்திலிருந்து அந்தப் பிஞ்சு முகங்களுக்குத் திரும்பி வந்தவர், அவர்களை முத்தமிட்டபடி அழுவார். இனி உறங்கவே போவதில்லை என்று உரக்கச் சொல்லி எழுந்த நாட்களும் உண்டு. உறக்கத்தின் மருந்து என்று பெயர் பெற்ற பொருளை உண்டவருக்கு உறக்கமே பகையாயிற்று.

விழிப்பாவது அவருடையதாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. செய்யவேண்டிய வேலை இன்னதென்று அறிவு தெளிவாகச் சொல்லும், கை எழாது. வந்த கடிதங்கள் மாதக் கணக்கில் பதிலின்றிக் கிடந்தன. ரிக்கார்டோவின் பொருளாதார நூலைப் படித்து ஊக்கம் கொண்டு தாமும் ஒரு நூல் தொடங்கினார். அச்சகம் கூட ஏற்பாடாயிற்று. முன்னுரை எழுத முடியாமல் அந்நூல் நின்றுவிட்டது. மார்கரெட் இல்லாதிருந்தால் வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் குழம்பிப் போயிருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

துளிக் கணக்கு

வறுமை அவரை எழுத வைத்தது. 1821 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ‘இலண்டன் மேகசீன்’ இதழில், ஆசிரியர் பெயரின்றி, ஆங்கிலேய அபினி உண்போன் ஒருவனின் வாக்குமூலம் வெளிவந்தது. மறு ஆண்டு நூலாயிற்று. இங்கிலாந்தே வியந்தது. பின்னர் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1860-ல் அதைத் தம் நூலொன்றில் தழுவி எழுதினார். அபினியின் இன்பமும் துன்பமும் அதில் பேசப்பட்டன. முடிவில், அபினியை ஏறத்தாழ வென்றுவிட்டதாக நூல் கூறிற்று. அது உண்மையன்று. இன்பப் பகுதியைப் படித்து மயங்கியவர்கள் உண்டு. துன்பப் பகுதியில் மறைந்திருந்த தோல்வியை வாசகர் அறியவில்லை.

ஆனால் 1822 இறுதியில் அவர் சேர்த்த பிற்சேர்க்கை நேர்மையானது. அந்த ஆண்டு கோடையில் அபினியைக் குறைக்க முயன்றபோது நாள்வாரியாக எத்தனை துளி உண்டார் என்று கணக்கெழுதி வைத்தார். 130 துளியில் தொடங்கி, 80-க்கு இறங்கி, திடீரென்று 300, 350 என்று தாவுகிறது அக்கணக்கு. ஒரு மனிதன் ஏறி ஏறி வழுக்கி விழுவதை எண்களிலேயே காணலாம். உடலில் நேர்ந்ததையும் எழுதினார். ஒரே தடவையில் இரண்டு மணி நேரம் விடாத தும்மல், வெள்ளமாய் வியர்வை, வயிற்றில் எரிச்சல், இரவும் பகலும் நிலைகொள்ளாத தவிப்பு. உறக்கமோ இருபத்து நான்கு மணியில் மூன்று மணிக்கு மேல் இல்லை. அதுவும் அருகில் எழும் ஒவ்வோர் ஓசையும் காதில் விழும்படியான மேலோட்டமான உறக்கம். ஸோஹோவின் வெற்று வீட்டில் கண்ட கோழித் தூக்கம் மீண்டும் வந்துவிட்டது.

அறிவியல் சொல்வது

டி குவின்ஸி சொற்களால் எழுதிய நோய்க் குறிப்பை இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் கருவிகளால் சரிபார்த்தது. நம் உறக்கம் ஒரே தன்மையதன்று. மேலோட்டமான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கண்மணிகள் விரைந்து அசையும் கனவுறக்கம் என்று இரவில் பலமுறை மாறி மாறி வருகிறது. கனவுறக்கம் 1953-ல் சிகாகோவில் கண்டறியப்பட்டது. அபினி வகை மருந்துகள் ஆழ்ந்த உறக்கத்தையும் கனவுறக்கத்தையும் குறைத்து, மேலோட்டமான உறக்கத்தையும் இடைவிழிப்பையும் கூட்டுகின்றன. பார்ப்பவருக்கு அவன் உறங்குகிறான். மூளையோ ஓய்வு பெறவில்லை. ஆகவே இரவில் கிடைக்காத உறக்கம் பகலில் தலைசாய்க்கச் செய்கிறது.

அபினி எங்கே போய்ப் பொருந்துகிறது என்பதும் இன்று தெரியும். அதற்கு ஏற்ற பூட்டுகள் மூளையில் உள்ளன என்று 1973-ல் கண்டனர். உடல் தானே ஆக்கும் அபினி போன்ற பொருளை 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் கண்டனர். மூளைத் தண்டிலே விழிப்பு மணி அடிப்பது போன்ற ஒரு சிறு பகுதி உண்டு. அபினி அதன் நாவைப் பிடித்துக் கொள்கிறது. நாள்தோறும் பிடித்தால், மணி இன்னும் வலிந்து அடிக்கப் பழகிக் கொள்கிறது. பிடியைத் தளர்த்தியதும் ஓயாது ஒலிக்கிறது. அதனால்தான் தும்மல், கொட்டாவி, வியர்வை, மயிர்க்கூச்சு, கால் உதறல், உறக்கமின்மை எல்லாம் ஒருங்கே தோன்றுகின்றன. மற்றவை சில நாட்களில் அடங்கினாலும், உறக்கமின்மை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நீடிக்கும். விட்டவன் மீண்டும் அபினியை நாடுவதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம்.

அடக்கி வைத்த கனவுறக்கமும், அளவு குறையும்போது அணை உடைந்த வெள்ளம்போல் திரும்பும். டி குவின்ஸியின் கனவு வெள்ளத்தில் ஒரு பகுதிக்கு இது காரணமாக இருக்கலாம். மேலும் விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்னும் பொருள் 1998-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஹெராயின் பழக்கத்தோடு இறந்தவர்களின் மூளையில் அப்பொருளை ஆக்கும் செல்கள் மற்றவர்களைவிடப் பாதிக்கு மேல் கூடுதலாகக் காணப்பட்டன என்று 2018-ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பழக்கம் மூளையின் அமைப்பிலேயே பதிந்துவிடுகிறது என்பதன் அடையாளம் இது. எல்லாவற்றினும் கொடியது மூச்சு. இம்மருந்துகள் உறக்கத்திலே மூச்சை விட்டுவிட்டு நிறுத்துகின்றன. அளவு மிஞ்சினால் அடியோடு நிறுத்திவிடுகின்றன.

இவ்வளவும் கூறியதால் மார்பினே நஞ்சு என்பது பொருளன்று. புற்றுநோயின் வலியிலும் அறுவை மருத்துவத்திலும் அதற்கு ஈடான அருமருந்து அரிது. வலி நீங்கினால் உறக்கம் வருவதும் இயல்பே. வலியை ஆற்றுவது வேறு. உறக்கத்தைத் தருவது வேறு. முன்னதற்கு மருத்துவர் அளந்து கொடுப்பதைப் பின்னதற்கு நாமே அளந்துகொள்வதில்தான் கேடு தொடங்குகிறது.

கடன் தீராத முதுமை

1820-க்குப் பின் டி குவின்ஸியின் வாழ்வு இரட்டைக் கடனில் கழிந்தது. எடின்பரோவுக்குக் குடிபெயர்ந்து, இதழ்களுக்குக் கட்டுரை எழுதிப் பிழைத்தார். கடன்காரர்கள் துரத்தினார்கள். கடனாளிகளைக் கைது செய்ய முடியாத ஹோலிரூட் புகலிடத்தில் ஒளிந்து வாழ்ந்தார். ஒரு சிறு மகன் இறந்தான். 1834-ல் பதினெட்டு வயதளவில் மூத்த மகன் வில்லியம் இறந்தான். 1837-ல் மார்கரெட் மறைந்தார். இரவுகளில் கட்டிலருகே விழித்திருந்து அவரைக் காத்தவர் அந்த அம்மையார். ஒருவர் அபினி உண்டால் வீட்டில் இருவர் உறக்கம் இழக்கின்றனர்.

1840-ல் சீனத்தோடு பிரிட்டன் அபினிப் போர் தொடங்கியது. நம் கங்கைச் சமவெளியில் உழவரைக் கொண்டு கசகசா பயிரிடச் செய்து, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் அபினியாக்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டது கும்பெனி. அதுவே சீனத்துக்குள் கள்ளத்தனமாய்ப் புகுந்தது. வடநாட்டில் பயிலும் நமக்குக் காஜிப்பூர் ஆலை தொலைவில் இல்லை. இன்று அது மருந்துத் தேவைக்காக அரசு நடத்தும் ஆலை. அந்தப் போரை ஆதரித்து எழுதியவர்களுள் டி குவின்ஸியும் ஒருவர். அபினியின் விலங்கைத் தம் காலில் பூண்டவர், பிற நாட்டார் காலில் அது பூட்டப்படுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அப்போருக்குச் சென்ற படையில் அவருடைய மகன் ஹோரஸும் அதிகாரியாக இருந்தான். 1842-ல் சீனத்திலே காய்ச்சலால் அவன் மாண்டான். இக்குறையை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையன்று.

பெண்மக்கள் வளர்ந்து, எடின்பரோவுக்கு அருகே லாஸ்வேடில் ஒரு குடிலை அமைத்துத் தந்தையைப் பேணினர். அவருள் ஒருவரான புளோரன்ஸை மணந்த பேர்டு ஸ்மித், நம் காவிரி, கிருஷ்ணா, கோதாவரிப் பாசனத்தைப் பற்றி நூல் எழுதிய பொறியியலார். முதியவர் இரவெல்லாம் நடப்பார். நடக்காத இரவில் எழுதுவார். மெழுகுவர்த்தியின் அருகே குனிந்தபடி இருப்பதால் தலைமுடியில் தீப்பற்றும். மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, அதைச் சாதாரணமாகச் சொல்வாள்; அவர் கையால் தட்டி அணைத்துவிட்டு வேலையைத் தொடர்வார். அந்த வீட்டில் அது அன்றாட நிகழ்ச்சி. 1844-ல் அபினியைக் குறைக்க மீண்டும் கடுமையாக முயன்றார். முழு விடுதலை இறுதிவரை கிட்டவில்லை. 1856-ல் வாக்குமூலத்தைப் பெரிதாக விரித்து எழுதினார்.

1859 டிசம்பர் 8-ஆம் நாள் எடின்பரோவில் அவர் உயிர் பிரிந்தது. நினைவு தடுமாறிய கடைசி நேரத்தில் கைகளை உயர்த்தித் தம் அக்காளை அழைத்தாராம். அறுபத்தேழு ஆண்டுகளாய் மூடியிருந்த அறையின் கதவு அப்போதுதான் திறந்தது போலும்.

நமக்கு

டி குவின்ஸியின் உரைநடை அழகுக்கு அபினியே காரணம் என்று சொல்வோர் உண்டு. அபினி உண்ட ஆயிரமாயிரம் மான்செஸ்டர் தொழிலாளருள் எவரும் டி குவின்ஸி ஆகவில்லை. அழகு அவருடைய கல்வியிலும் துயரிலும் பிறந்தது. அபினி அவரிடமிருந்து எழுதி முடிக்கப்படாத நூல்களையும், மனைவி மக்களோடு கழிந்திருக்க வேண்டிய பகல்களையும், முழுமையாக உறங்கியிருக்க வேண்டிய இரவுகளையும் எடுத்துக்கொண்டது.

வீட்டை விட்டு வெகுதூரம் வந்து விடுதியில் வாழும் மாணவர்களுக்கு இக்கதை பழங்கதையன்று. தேர்வுக் கவலையிலோ தனிமையிலோ உறக்கம் வராத இரவுகள் நமக்கும் உண்டு. கோடீன் கலந்த இருமல் மருந்தும், வலி மாத்திரையாகிய டிராமடாலும் உறக்கம் தரும் என்று சொல்லி நீட்டும் கைகளும் உண்டு. 2018 முதல் டிராமடால் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வந்துவிட்டது. ஆயினும் சட்டம் எல்லா அறைக்குள்ளும் வருவதில்லை. அந்தக் கை நீளும்போது துளிக் கணக்கு எழுதிய அந்த மனிதரை நினைத்துக் கொள்வோம். ஏற்கெனவே வாங்கிவிட்ட நண்பர் எவரேனும் இருந்தால், அவரை இகழாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். இப்பழக்கம் ஒரு நோய் என்றும், அதற்கு முறையான மருத்துவம் உண்டு என்றும் இன்று நாம் அறிவோம். டி குவின்ஸிக்கு அந்த வாய்ப்பு இல்லை, நமக்கு உண்டு.

உறக்கத்தைக் கடனாக வாங்க முடியாது. வாங்கினால் வட்டியும் உறக்கமாகவே கட்டவேண்டும்.